தூணடிக் குப்பையும் உன் மாமனாரும்

கங்கா,

நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். நீயும் மாப்பிள்ளை தமிழ்வாணனும் குழந்தையும் கனடாக் குளிரில் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் உன் அம்மாவும் நலம், அதிலும் இந்த வாரம் நான் கூடுதல் நலம். காரணத்தை உன் மாமனார் நரசிம்மன் சொல்லியிருக்க மாட்டார், அதனால் நான் எழுதுகிறேன்.

மறைமலை நகர் மண்டபத்தில் குழந்தைக்குக் காது குத்தின அன்று பந்தியில் நான் கேட்டது உனக்கு நினைவிருக்கும். வல்லம் வடகால் தொழிற்பேட்டைக்குப் போகிற ஆற்றுப் பாலத்தின் பராமரிப்பு காண்டிராக்ட் அவருடையது, நடுத்தூணில் ஆகாயத்தாமரையும் கருவேல மரமும் கம்பெனிகள் சரக்கு அடுக்குகிற பழைய பேலட் கட்டைகளும் சிக்கிக் கிடக்கின்றன, எடுக்கக் கூடாதா என்றுதான் கேட்டேன். அவர் இலையிலிருந்து தலையைத் தூக்காமல், "இன்னா சம்பந்தி, குப்பையப் பாத்து பயந்துகினு கீறீங்க, அது தூணுக்கு மெத்தை மாதிரி, தண்ணி அதுல மோதி அடங்கிப் பூடும்" என்றார். பந்தியே சிரித்தது. பாலிடெக்னிக்கில் சிவில் பாடம் நடத்துகிறவன் நான், தண்ணீர் அடங்காது, குப்பைக்கு அடியில் புகுந்து இன்னும் வேகமாகத் தூணடி மணலைத் தோண்டும் என்று சொல்ல வந்தேன். "அப்பா, மானத்த வாங்காதீங்க" என்றாய். பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிட்டு எழுந்து வந்தேன். அதற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்கும்வரை அப்பா என்று கையெழுத்துப் போட்டு எதுவும் அனுப்பாதீர்கள் என்று போனில் சொன்னாய். நான் மறக்கவில்லை.

கோடையில் அவர் ஆட்கள் வந்து, தூணடியில் மணல் சமமாக இருக்கிறது, பள்ளமே இல்லை என்று போய்விட்டார்கள். மழைக்கால வெள்ளம் தோண்டிய பள்ளத்தை வடிகிற தண்ணீரே புது மணலால் மூடிவிடும், அந்த மணல் பாரம் தாங்காது. நான் கம்பியைக் குத்திப் பார்த்தேன், அழுத்தாமலே இறங்கியது. சொன்னேன், யாரும் கேட்கவில்லை.

போன வியாழக்கிழமை வெள்ளம். நடுத்தூணுக்கு மேலே கைப்பிடிச் சுவர் லேசாகத் தாழ்ந்திருந்ததைப் பார்த்ததும் பாலத்துக்கு இந்தப் பக்கமே சாலையில் ஸ்கூட்டரைக் குறுக்கே நிறுத்திச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டேன். மதிய ஷிப்ட் கம்பெனி பஸ் வந்து நின்றது. டிரைவர் ஐயனார் இறங்கி, "யோவ் வாத்தியாரே, வண்டிய எட்யா, இன்னா உங்க அப்பன் வூட்டுப் பாலமா" என்று கத்தினான். இல்லை, என் சம்பந்தி வீட்டுப் பாலம் என்றேன். செல்லக்கனி என்று ஒரு திருநெல்வேலிப் பெண் ஜன்னல் வழியாக, "சார், லேட்டானா சூப்பர்வைசர் ஏசுவாருல்லா" என்று கெஞ்சினாள். நான் நகரவில்லை. ஐயனார் ஸ்கூட்டரைத் தூக்கக் குனிந்தபோது நடுத்தூண் ஒரு பக்கமாக அமர்ந்தது, பாலம் மடிந்து தண்ணீரைத் தொட்டது. பஸ் நிறைய உன் வயதுப் பிள்ளைகள், கங்கா.

பிறகு உன் மாமனார் வந்தார். யார் என்று தெரியாமல் அவரிடமே அந்தப் பெண், "இந்த சார் இல்லன்னா நாங்க எல்லாரும் ஆத்தோட போயிருப்போம்" என்றாள். அவர் என் அருகில் வந்து மெதுவாக, "தப்பு எம்மேலதான் சம்பந்தி" என்றார். பந்தியில் சத்தமாகத்தானே பேசினீர்கள், இதையும் சத்தமாகச் சொல்லுங்கள் என்றேன். சொன்னார். அன்று வீட்டில் நான் இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன், உன் அம்மாவைக் கேள்.

குழந்தையை வெளியே கொண்டுபோகும்போது காதை மூடிவிடு. உங்கள் மூவருக்கும் என் ஆசி குறைவில்லாமல் உண்டு. மன்னிப்பு மட்டும் கேட்கப் போவதில்லை, கேட்க வேண்டியவர் கேட்டுவிட்டார். ஆனால் நீ போட்ட தடை இன்னும் அப்படியே இருக்கிறது. அதனால் கையெழுத்தில்லாமலே இதைத் தபாலில் சேர்க்கிறேன். போன் செய்து நீ என்னை என்னவென்று கூப்பிடுகிறாயோ, அதைக் கீழே நீயே எழுதிக்கொள்.

இப்படிக்கு,