முன்னாடியே படித்துவிட்டவருக்கு

ஞாயிற்றுக்கிழமையும் ஷிப்மென்ட்! கம்பெனி வேன் வாசலில் ஹாரன் அடித்தது. தூங்கும் புருஷனை எழுப்பிச் சொல்லியிருக்கலாம், பேச்சுவார்த்தைதான் நின்றுபோயிற்றே. கோகிலவாணி சீட்டு எழுதினாள்.

"ஏனுங்க, அரிசிம்பருப்புச் சோறு குக்கர்ல இருக்குதுங்க. வெளிய போனா சாவிய மேல் ஊட்டு அக்காகிட்டக் குடுங்க. சாயங்காலம் அந்தோணிராஜும் முனீசும் விளையாட வந்தா உக்கார வையுங்க, வந்துருவேன்.

போன வாரம் நம்ம கதை விளையாட்டுல, குகைக்குள்ள மூணு வழி இருந்துச்சு. நீங்க பகடையக்கூட உருட்டாம, பொறி இல்லாத வழியில எல்லாத்தையும் கூட்டிட்டுப் போனீங்க. கதை நடத்தற நான் மட்டும் படிக்கற புத்தகத்த நீங்களும் படிச்சுட்டீங்கன்னு அப்பவே தெரிஞ்சுதுங்க. சிநேகிதங்க முன்னாடி காட்டிக்குடுக்கல. அப்புறம் கேட்டதுக்கு, 'முதல் தடவ நடத்தற, நீ திணறக் கூடாதுன்னுதான்'னீங்க. திணறினா திணறிட்டுப் போறேனுங்க. நீங்க நடுங்கறதப் பாக்கத்தான வாரம் பூரா உக்காந்து படிச்சேன்?"

மறுபடியும் ஹாரன். செருப்பை மாட்டியவள் திரும்பி வந்து, சீட்டின் அடியில் மிச்சமிருந்த இடத்தில் நுணுக்கி எழுதினாள்.

"தயிர் புளிச்சிருக்கும், பாத்து ஊத்துங்க. புத்தகம் அலமாரியிலதான் இருக்குது. தாராளமாப் படிங்க. டிராகன வேற குகைக்கு மாத்திட்டேன்."

பேனாவை மூடியவள், மறுபடி திறந்தாள்.

"பயமா இருந்தா எம் பக்கத்துலயே உக்காந்துக்குங்க."