பல் டாக்டரிடம் நான் சொன்ன பொய்

ரயில்வே குவார்ட்டர்ஸ், பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
9 ஆகஸ்டு 1935

அன்பு மகள் டொரத்திக்கு, அப்பா கிரிகரி எழுதுவது. மாதா தயவால் நீ பினாங்கில் நலமாக இருக்க வேண்டும். மடத்து சிஸ்டர்களுக்கு என் வணக்கம்.

இங்கே மூன்று நாளாக விடாத மழை. உன் அம்மாவின் கல்லறைச் சிலுவை சாய்ந்துவிட்டது. போய் நிமிர்த்தி வைத்தேன்.

உன் கடிதம் கிடைத்தது. வாய் இப்போது இரண்டு விரல்கூட நுழையாத அளவுக்குத்தான் திறக்கிறது, கஞ்சிதான் இறங்குகிறது என்று எழுதியிருந்தாய். அம்மா வழி முகம், யாரைக் குறை சொல்ல என்றும் எழுதியிருந்தாய். அதைப் படித்த பிறகு என்னால் வேலைக்குப் போக முடியவில்லை.

ஈஸ்டருக்கு நீ வந்தபோது பல் டாக்டர் சொன்னது நினைவிருக்கும். காதுக்கு முன்னால் தாடை பொருந்தும் இடத்திலிருந்துதான் கீழ்த்தாடை வளருமாம். சிறுவயதில் அங்கே அடிபட்டால் வளர்ச்சி குன்றி, மோவாய் பின்தங்கிவிடுமாம். உன்னை வெளியே உட்காரவைத்துவிட்டு, "சின்ன வயசுல எங்கயாவது விழுந்துச்சா?" என்று என்னைக் கேட்டார். "இல்லைங்க டாக்டர், பொறந்ததுலேர்ந்தே இப்படித்தான்" என்றேன்.

அது பொய், அம்மா.

உனக்கு அப்போது நான்கு வயது. கள்ளுக்கடையிலிருந்து வந்து உன் அம்மாவை அடிக்கக் கை ஓங்கினேன். நீ நடுவில் ஓடி வந்தாய். அடி உன்மேல் விழுந்தது. வாசற்படியில் மோவாய் இடிபட விழுந்தாய். ஒரு வாரம் காதோரம் வீங்கிக் கிடந்தது. "ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போலாங்க" என்று உன் அம்மா சாந்தமேரி அழுதாள். எப்படி அடிபட்டது என்று கேட்பார்கள், துரை காதுக்குப் போகும், வேலை போய்விடும் என்று பயந்து நான் விடவில்லை. பிள்ளைக்குத் தன் வழி முகம் என்றே அவள் சாகும்வரை ஊருக்குச் சொன்னாள்.

நேற்று டாக்டரிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. சற்று நேரம் என் முகத்தைப் பார்க்கவுமில்லை. சின்னப் பிள்ளையிலேயே வந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம், இனி அந்தத் தாடை வளராது, மூட்டில் ஆபரேஷன் செய்தால் வாயாவது திறக்கலாம் என்றார். சிங்கப்பூர் ஆஸ்பத்திரிக்குக் கடிதம் தந்தார். இதோடு வைத்திருக்கிறேன். என்மேல் உள்ள கோபத்தில் தள்ளிப்போட்டுவிடாதே.

சிங்கப்பூர் போகும்போது வண்டி மாறக் கோலாலம்பூரில் இறங்குவாய். நான் பிளாட்பாரத்தில் நிற்பேன். நீ பேச வேண்டாம். உன் பெட்டியை அடுத்த வண்டியில் ஏற்றிவைக்க மட்டும் விடு, தாயே.

ஆண்டவர் உன்னைக் காப்பாற்றட்டும்.

உன் அப்பா,
கிரிகரி