முப்பத்தொன்பது பேர் பார்த்தார்கள்

ஜூலை 8, திங்கள்
'பார்த்தால் பேசு' திட்டம் என் தலையில் விழுந்தது. இணையத்தில் யாரையாவது கேலி செய்தால் வேடிக்கை பார்க்கக் கூடாது என்று எட்டாம் வகுப்புக்குச் சொல்லித்தர வேண்டும். கணினி டீச்சர் நான்தானே. "நல்லா பண்ணுங்க. அடுத்த மாசம் உங்கள நிரந்தரம் பண்றப்ப இதையும் பார்ப்போம்" என்றார் பள்ளித் துணை முதல்வர்.

ஜூலை 9
ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ. பெற்றோர் கூட்டத்தில் ஓவிய சார் 'வ'வில் திக்கி நின்றாரே, அந்த இடத்தை மட்டும் வெட்டி, மேளச் சத்தம் சேர்த்து... போட்டவர் துணை முதல்வர். ஐந்து நிமிடத்தில் பதினேழு சிரிப்பு முகங்கள். பதினெட்டாவது என்னுடையது.
ஓவிய சாரும் அந்தக் குழுவில்தான் இருக்கிறார்.
விரல் தானாகப் போய்விட்டது என்று எழுதப் பார்த்தேன். பொய்.

ஜூலை 11
கடைசி பெஞ்சு ரெட்டைச்சடை எழுந்தாள். "மிஸ், கிண்டல் பண்றதே லீடரா இருந்தா?"
"பெரியவங்ககிட்ட சொல்லணும்மா."
"அவங்களும் சேர்ந்து சிரிச்சா?"
மணி அடித்தது. தப்பித்தேன்.

ஜூலை 12
ஓவிய சார் மூன்று நாளாக வரவில்லை. என் சிரிப்பு முகத்தை அழித்தேன். அழித்தால் சரியாகிவிடுமா?
வீட்டுக்காரரிடம் சொன்னேன். "வேலை நிரந்தரமாகட்டும். அப்புறம் நியாயம் பேசு." அவர் சொல்வதிலும் தப்பில்லை.

ஜூலை 13
எழுதி எழுதி அழித்து, கடைசியில் குழுவில் போட்டேன்: "இதற்கு நானும் சிரித்தேன். தவறு. ஓவிய சார், மன்னியுங்கள். வீடியோவை எடுத்துவிடுங்கள்."
முப்பத்தொன்பது பேர் பார்த்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை.
ஐயோ, என்ன பண்ணித் தொலைச்சேன்?

ஜூலை 15
வீடியோவைக் காணோம். ஓவிய சார் வந்திருந்தார், மதியம் தனியாகச் சாப்பிட்டார். என் வணக்கத்தைத் துணை முதல்வர் கண்டுகொள்ளவில்லை. நூலகர் மட்டும் காதோரமாக, "நானே போடணும்னு நினைச்சேன் மிஸ்" என்றார். நினைச்சீங்களா! போட வேண்டியதுதானே? — கேட்கவில்லை.

ஜூலை 23
துணை முதல்வர் இல்லாமல் புதுக் குழு ஒன்று. ஆரம்பித்தவர் நூலகர்.

ஆகஸ்ட் 14
நிரந்தரம் இல்லை. இன்னும் ஆறு மாதம் பார்ப்பார்களாம். வீட்டுக்காரர் "நான் அப்பவே..." என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து அடங்கிவிட்டார்.
மதியம் சாப்பிடும்போது ஓவிய சார், நானும் நூலகரும் இன்னும் இரண்டு டீச்சர்களும் இருந்த மேசைக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு, பேருந்தில் நடந்த ஒரு கதையைத் தொடங்கினார். 'வண்டி'யில் திக்கி நின்றுவிட்டார். என்ன வார்த்தை என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். எடுத்துக்கொடுக்க வாய் திறந்த நூலகர் மூடிக்கொண்டார். நான்கு பேரும் கையில் எடுத்ததை வாயில் வைக்காமல் காத்திருந்தோம்.
வந்தது. முழுக்கதையும் வந்தது. அறுவை ஜோக். விழுந்து விழுந்து சிரித்தோம். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது அவர்தான்.