முந்தி வைத்த விரல்

பெருமழையில் ஆரணி ஆறு ஊருக்குள் வந்த வருஷம்தான் நம் சர்ச்சுக்கு அந்தக் கம்ப்யூட்டர் வந்தது. இன்று காலை அதன் மூடியைத் திறந்தார்கள். சூடேறிய தூசியின் வாடை மூக்கில் ஏறியதும் நீ பக்கத்தில் நிற்பது போல இருந்தது. எனக்கு எழுத வராது. நான் சொல்ல மருமகள் எழுதுகிறாள்.

கும்மிடிப்பூண்டி ரோலிங் மில்லில் நாம் இருவரும் இடுக்கி பிடித்தவர்கள். பழுக்கக் காய்ந்த இரும்புக் கம்பி உருளையிலிருந்து வந்தபின் இடுக்கியை நீட்டினால் கை போய்விடும். வருமுன் நீட்ட வேண்டும்.

ஞாயிறானால் நீ கீபோர்டில் உட்காருவாய். ஆர்கன் ஓசையை உண்டாக்குவது கம்ப்யூட்டர். பத்து விரலும் வைத்தால் அதற்கு மூச்சு முட்டும்; அடுப்பில் உப்பைப் போட்டது போலப் படபடக்கும். கடைக்காரர் இரண்டு வழி சொன்னார்: ஓசையின் தரத்தைக் குறை, இல்லை அதற்கு அவகாசம் கொடு. கொடுத்தால், விரல் வைத்துச் சற்றுக் கழித்துத்தான் சத்தம் வரும்.

"லேட்டா வந்தா வரட்டும். மட்டமா வரக்கூடாது" என்றாய்.

பிறகு தாளத்துக்கு முன்பே விரல் வைத்தாய், இடுக்கியை நீட்டுவது போல. சத்தம் சரியாகப் பாட்டின் மேல் வந்து விழுந்தது.

"இன்னாய்யா, பாட்டுக்கு முன்னாடியே உன் கை ஓடிக்கினு கீது? அதப் பாத்து நானும் முந்திட்டேன்" என்று நம் பாட்டுக் குழுவில் ஒருத்தி உன்னைத் திட்டாத வாரமில்லை.

"கையப் பாக்காதம்மா. காதால பாடு" என்பாய்.

உனக்குப் பின் வந்தவருக்கு முந்தி வாசிக்க வராது. தரத்தைக் குறைத்துவிட்டார். படபடப்பு இல்லை, சத்தத்தில் சதையும் இல்லை. பழையபடி வையுங்கள் என்று இன்று சொன்னேன். சர்ச் செயலர் சிரித்தார்.

"பெரியவரே, மில்லுல அடிபட்ட காது. இதுல இன்னா வித்தியாசம் தெரியும் உங்களுக்கு?"

"திரும்பி உக்கார்றேன். மாத்தி மாத்திப் போடு."

ஆறு முறை போட்டார்கள். ஆறையும் சரியாகச் சொன்னேன். படிக்காதவன் குத்துமதிப்பாகச் சொன்னதாம்! வேறு யாருக்காவது தெரிகிறதா என்று செயலர் கேட்டார். நான் நாற்காலியை விட்டு எழவில்லை. நீ பழக்கிய காது இது. யார் சொல்லியும் குறையாது.

அப்போது பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல்.

"இது தகரம். ஏத்துய்யா பழையபடி. சத்தம் லேட்டா வந்தா, நாங்க அதுக்குக் காத்து நின்னு பாடறோம்."

திரும்பாமலே தெரிந்தது. வாரந்தோறும் உன்னைத் திட்டியவள். நம் குழுவில் என்னைத் தவிர உயிரோடிருக்கும் ஒரே ஆள், எஸ்தர்.