இறங்காத தண்ணீர்

ஆகஸ்ட் 3, 1988

இன்றும் மழை இல்லை. மக்காச்சோளம் இடுப்பளவிலேயே நின்றுவிட்டது, இனிக் கதிர் பிடிக்காது. வீட்டுக்குப் பின்னால் நிலம் வெடித்துக் கிடக்கிறது. ஒரு வெடிப்பில் கையை விட்டுப் பார்த்தேன், முழங்கை வரை போனது. குளிர்காலத்துக்குப் பதப்படுத்தி வைக்கத் தோட்டம் மொத்தமும் சேர்ந்து ஏழு பாட்டில் பீன்ஸ்தான் கொடுத்திருக்கிறது.

மதியம் மெர்லின் வந்தான். செத்துப்போன என் கணவர் ஆரினுக்கு ஒரே தம்பி. எனக்கு ஒரே எதிரி. படியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு பேசினான்.

"சாலை முக்குல எனக்கு மூணு ஏக்கர் இருக்குல்ல, அங்க வீடு கட்டறேன் ஆர்டித். பையனுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு, மேட்டு வீடு இனி அவனுக்கு. உனக்கும் ஒரு பேச்சுத்துணை ஆச்சு."

பேச்சுத்துணை! இவனுக்குப் பாம்பு தேவலை.

"அது தண்ணி நிக்கற இடம். ஒரு முழம் தோண்டினா களி. உன் கக்கூஸ் தண்ணி எங்க போகும்?" என்றேன்.

"நீ எப்ப மண்ணுல பட்டம் வாங்கின?" என்று சிரித்துவிட்டுப் போனான். என் வீட்டுக்கும் அந்த முக்குக்கும் நடுவே ஒரு வேலி, எழுபது அடி, அவ்வளவுதான். காலையில் ஜன்னலைத் திறந்தால் அவன் முகமா?

ஆகஸ்ட் 4

தூக்கம் சரியில்லை. மண்ணில் பட்டமாம்! இருபத்திரண்டு வருஷம் இந்தத் தட்டை நிலத்தில் பூட்ஸைப் பிடுங்கிப் பிடுங்கி நடந்தவள் நான்.

மேலே எட்டு அங்குலம் கறுப்பு. பார்க்கிறவன் ஆஹா என்பான். அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் நாலு விரல், மாவு மாதிரி. அதற்கும் கீழே களி. துரு பிடித்த புள்ளிகளும் மிளகு போன்ற கறுப்பு உருண்டைகளும் அதில் கிடக்கும். எல்லாமே காற்று கொண்டுவந்து கொட்டிய தூசிதான் என்று மண் ஆய்வுக்கு வந்தவர் ஒருமுறை சொன்னார். மேற்கே பெரிய ஆற்றோரக் குன்றுகளில் அதே தூசி அறுபதடி கிடக்கிறதாம்; எவ்வளவு ஊற்றினாலும் குடிக்குமாம். எங்கள் அயோவாவின் இந்தத் தெற்குக் கோடிக்கு வந்து சேர்ந்தது கொஞ்சம்தான். அதுவும் பல்லாயிரம் வருஷம் ஊறி ஊறி, நுண்ணிய பாகமெல்லாம் கீழே இறங்கி, களியாக இறுகிவிட்டது. தண்ணீர் அதைத் தாண்டிக் கீழே போகாது. களியின் மேல் பக்கவாட்டில் நழுவும், அல்லது மே மாதம் வரை அப்படியே நிற்கும். என் கிணற்றில் ஊறுவதும் அப்படி நழுவி வருகிற தண்ணீர்தான்.

மாமனார் செத்தபோது மெர்லின் மேட்டை எடுத்துக்கொண்டான். "நீ பொறுமைசாலி அண்ணா, தட்டை உனக்குத்தான் சரி" என்றான். பொறுமைசாலி அதைச் சுமந்தே செத்தார். மூன்று வருஷத்துக்கு முன், மே மாதம், சேற்றில் அச்சு வரை புதைந்த டிராக்டரைத் தோண்டிக்கொண்டிருக்கும்போது மாரடைப்பு. மேட்டில் மெர்லின் உழுதுகொண்டிருந்தான். அவன் வரிசையை முடித்துவிட்டுத்தான் இறங்கி வந்தான்.

இதை நான் மன்னிக்கப் போவதில்லை. எழுதியே வைக்கிறேன்.

ஆகஸ்ட் 15

சாயங்காலம் மெர்லின் முக்கு நிலத்தில் சுற்றி நடந்தான். ஓடை நண்டுகள் வசந்தத்தில் களியைத் தோண்டி எடுத்து எழுப்பிய சேற்றுக் கூடுகள் அங்கங்கே காய்ந்து நிற்கின்றன. ஒவ்வொன்றாக உதைத்துத் தள்ளிக்கொண்டிருந்தான். ஐம்பத்தெட்டு வயது! மூளை மட்டும் ஐந்திலேயே நின்றுவிட்டது போலிருக்கிறது.

ஆகஸ்ட் 16

மெர்லின் வீட்டுக் கழிவுத் தண்ணீரை மண் குடிக்குமா என்று சோதித்து அனுமதி கொடுக்க ஆபீசிலிருந்து ஆள் வந்தான். கண்ணாடி போட்டவன், மேற்கத்திக் குன்றுக்காரன், வேலைக்குப் புதுசு. மூன்று குழி துளைத்துத் தண்ணீர் ஊற்றினான். வெடிப்புகளுக்குள் புகுந்து மடமடவென்று இறங்கியது. கடிகாரத்தைப் பார்ப்பதும் எழுதுவதுமாக இருந்தான்.

நான் துணி எடுக்கிற சாக்கில் வேலியோரம் நின்றேன். அவன் என்னிடம் வந்தான்.

"அம்மா, நீங்க பக்கத்துலயே இருக்கீங்க. ஏப்ரல் மே மாசத்துல இங்க தண்ணி நிக்குமா?"

மெர்லின் என்னைப் பார்த்தான். அவன் மனைவி வெல்டா காரில் உட்கார்ந்திருந்தாள், அவளும் பார்த்தாள்.

நிற்கும் என்று ஒரு வார்த்தை சொன்னால் அன்றோடு முடிந்தது. என் ஜன்னலுக்கு எதிரே வீடு வராது. நான் சொல்லவில்லை.

"நான் அந்தப் பக்கம் போறதில்லப்பா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? மழுப்ப வேண்டாம், ஆர்டித். அவன் கட்டட்டும். கடைசி ஆணி வரை அடித்து முடிக்கட்டும். பிறகு மூழ்கட்டும். ஆரின் எதில் செத்தாரோ அதில் அவன் தினமும் காலை வைத்து எழுந்திருக்கட்டும்.

ஆகஸ்ட் 17

அனுமதி கிடைத்துவிட்டதாம். சந்தோஷமாக இருக்கிறது. இப்படி எழுதவே கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது.

அக்டோபர் 11

நிலவறைக்குத் தோண்டினார்கள். இயந்திரம் களியை வெட்டியபோது வெட்டின இடம் சோப்புக்கட்டி மாதிரி பளபளத்தது. வேலை செய்தவர்களில் வயதானவர் ஒருவர் அதை விரலால் தடவிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. இந்த ஊரில் யாருமே ஒன்றும் சொல்வதில்லை.

ஏப்ரல் 22, 1989

இந்த வருஷமும் மழை ஏய்த்துவிட்டது. மெர்லின் வீட்டு நிலவறை எலும்பு மாதிரி காய்ந்து கிடக்கிறது. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கத்துகிறான்: "என்ன ஆர்டித், வெள்ளம் வருதா? படகு வாங்கி வைக்கவா?"

வாங்கி வை.

வெல்டா மறுபடி ஆப்பிள் பை சுட்டுக் கொண்டுவந்தாள். குடிவந்ததிலிருந்து இது எத்தனையாவது? "நீ செஞ்சத மறக்க மாட்டேன்" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். என்ன செய்தேன்? இவளுக்கு எப்போதுமே பாதிதான் புரியும். அதைக் கோழிகளுக்குப் போட்டேன்.

ஏப்ரல் 29

வெல்டா பீச் கன்று நாலு வைக்கிறாள். மார்பளவு குழி தோண்டி, களியை அள்ளிக் கொட்டிவிட்டு, மேட்டிலிருந்து நல்ல மண் கொண்டுவந்து நிரப்பினாள். களியில் நல்ல குழி என்றால் நல்ல வாளி என்று அர்த்தம். அவளும் இந்தத் தட்டையில் பிறந்தவள்தானே? ஆசை வந்தால் அறிவு போய்விடும் போல.

மார்ச் 14, 1990

மூன்று நாளாக விடாத மழை. ஆஹா.

மார்ச் 17

மெர்லின் வீட்டு நிலவறையில் முழங்கால் தண்ணீர். பம்பு இரவும் பகலும் ஓடுகிறது. இறைத்த தண்ணீரை வாசலில் விடுகிறான். அது நேரே சுவரோரம் வந்து மறுபடி உள்ளே போகிறது. ஜன்னலுக்கு எதிரே நாற்காலி போட்டுக் காபி குடித்தேன். இரண்டு கப். மனிதன் இவ்வளவு கேவலமாகவும் இவ்வளவு சுகமாகவும் ஒரே நேரத்தில் இருக்க முடியுமா? முடிகிறது.

ஏப்ரல் 20

மழை. பீச் கன்றுகள் நாலும் செத்துவிட்டன. வெல்டா ஒன்றைப் பிடுங்கினாள். வேர் அழுகிக் கறுத்திருந்தது. குழி நிறையத் தண்ணீர்.

மே 3

காபியில் ஏதோ வாடை. பானையைத் தேய்த்துக் கழுவினேன்.

மே 4

பானை இல்லை. கிணறு.

மே 9

கிணற்றுத் தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பியிருந்தேன். குடிக்கக் கூடாது, பல் தேய்க்கக்கூடக் கூடாது என்று எழுதி வந்திருக்கிறது. மலக்கழிவு.

அவன் கக்கூஸ் தண்ணீர் களியைத் தாண்டி இறங்க முடியாமல், களியின் மேலேயே நழுவி, எழுபது அடி நடந்து என் கிணற்றுக்கு வந்திருக்கிறது. வேறு எங்கே போகும்? அவனிடம் இதே கேள்வியைக் கேட்டவள்தானே நான்? அவன் மூழ்குவான் என்று கணக்குப் போட்டேன். மூழ்குகிற தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று யோசிக்கவில்லை. மண்ணைத் தெரிந்தவளாம், தூ!

மே 10

போனேன். போய்க் கத்தினேன். அவர்கள் சாப்பாட்டு மேஜையில் இருந்தார்கள்.

"என் கிணத்துல உன் பீ மெர்லின்! இருபது வருஷத்துக்கு மேல குடிச்ச கிணறு!"

அவன் முகம் செத்துப்போயிற்று. ஆனால் வாய் சாகவில்லை. "நான் என்ன வேணும்னா செஞ்சேன்?"

"தண்ணி நிக்கற இடம்னு உன் மூஞ்சிக்கு நேரா சொன்னேனே!"

"எனக்குத் தெரியாதா? நானும் இங்க பொறந்தவன்தானே! எதுக்கு நிலம் வெடிச்சுக் கிடக்கற ஆகஸ்டு மாசம் பாத்து அந்தப் பையனைக் கூப்பிட்டேன்? தண்ணி நிக்கறதைக் காட்டிக் கொடுக்கும்னு எதுக்கு நண்டுக் கூட்டையெல்லாம் உதைச்சேன்?"

பிறகு வெல்டா பேசினாள். சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"மருமக என் சாமானையெல்லாம் எடுத்து வெளில வெச்சுட்டா, ஆர்டித். போறதுக்கு இந்த மூணு ஏக்கரை விட்டா வேற இடமில்ல. அந்தப் பையன் உன்னைக் கேட்டப்போ எனக்கு உயிரே போயிடுச்சு. நீ காட்டிக் கொடுக்கல. எவ்வளவு கோபம் இருந்தும் எங்க மேல இரக்கப்பட்ட. நான் அதை ஒரு நாளும் மறக்கல."

இரக்கம்!

திரும்பி நடந்தேன். வாசல் வரை மெர்லின் வந்தான். "மேட்டுல இருந்து பாத்தா அண்ணன் டிராக்டர் நிக்குதா ஓடுதான்னு தெரியாது, ஆர்டித்" என்றான். நான் கேட்கவே இல்லை. அவனாகச் சொன்னான். அப்படியானால் அவனும் ஐந்து வருஷமாக அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறான்.

தெரியும். மேட்டில் ஏறி நின்று நானே பார்த்திருக்கிறேன். நன்றாகத் தெரியும்.

மே 14

கண்ணாடிக்காரன் வந்தான். இப்போது அவனுக்கும் மண் தெரிந்துவிட்டது. களியைக் கையில் உருட்டி, துருப் புள்ளிகளைக் காட்டி, "இது அன்னிக்கே சொல்லிச்சு, நான்தான் பாக்கல" என்றான். இந்தக் கதையில் தப்பை ஒத்துக்கொண்ட முதல் ஆள்.

வழி ஒன்றுதானாம். மணல் கொண்டுவந்து தரைக்கு மேலே ஒரு மேடு போட்டு, கழிவுத் தண்ணீரை அதன் வழியாக வடிக்க வேண்டும். தட்டையில் போட முடியாது, சரிவு வேண்டும். கிணற்றுக்குக் கீழ்ப்பக்கமாகவும் இருக்க வேண்டும். சரிவு இருப்பது என் தொழுவத்துக்குப் பின்னால் மட்டும். நான் கையெழுத்துப் போட்டால் மேடு. போடாவிட்டால் அவர்கள் வீட்டைப் பூட்டிவிட்டு வெளியேற வேண்டும்.

அதாவது, நான் நினைத்ததெல்லாம் நடக்கும். ஒரு கையெழுத்தைப் போடாமல் இருந்தால் போதும்.

மே 15

போடவில்லை.

மே 16

போடவில்லை. வெல்டா அவர்கள் வீட்டுக் குழாயிலிருந்து இரண்டு கேன் தண்ணீர் பிடித்து என் படியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அவர்களுக்கு ஊர்க்குழாய் வருகிறது. ஊர்க்குழாய் போட்டபோது எனக்கு வேண்டாம் என்று சொன்னவள் நான்.

மே 18

காகிதத்தை எடுத்துக்கொண்டு போனேன். மெர்லின் இல்லை. வெல்டா பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். கட்டிக்கொள்ள வந்தாள். தள்ளி நின்றேன்.

"இரக்கம் இல்ல வெல்டா. நீங்க கட்டி முடிச்சு மூழ்கணும்னுதான் வாயை மூடிட்டு நின்னேன். நிலவறைல தண்ணி வந்தப்போ ஜன்னல்கிட்ட உக்காந்து காபி குடிச்சேன்."

அவள் அந்த ஒரே தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"இப்பக் கையெழுத்துப் போட்டதும் ஏதாவது கணக்குலதானா?"

"இல்ல."

நம்பினாளா? தெரியவில்லை. துணியை மடித்து வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எதற்காக இதை அவளிடம் சொன்னேன்? அவள் பாட்டுக்கு நன்றியோடு இருந்துவிட்டுப் போகிறாள். ஆனால் அந்த நன்றியை வாங்கிக்கொண்டு எழுபது அடிக்கு இப்பால் என்னால் உட்கார்ந்திருக்க முடியாது. மெர்லின் மேல் இருக்கிற வெறுப்பு என்னுடையது, அதை நான் சம்பாதித்து வைத்திருக்கிறேன். இவள் எனக்கு என்ன செய்தாள்?

ஜூன் 2

தண்ணீர்க் கேன் நின்றுவிட்டது. நியாயம்தான். ஊர்க்குழாய்க்கு எழுதிப் போட்டிருக்கிறேன். அதுவரை சர்ச் குழாயில் பிடித்து வருகிறேன்.

ஜூன் 16

மணல் லாரிகள் வந்து போய் மேடு முடிந்தது. புல் விதைத்திருக்கிறார்கள். லாரி போக வர எங்கள் நடுவேலியை முழுக்கப் பிரித்திருந்தோம். மெர்லின் ஒரு முனை, நான் ஒரு முனை, ஒரு பேச்சு இல்லை.

இன்று அவன் கம்பிச் சுருளோடு வந்து நின்றான்.

"திரும்பப் போடவா?"

"என்னை ஏன் கேக்கற? வெல்டாவைக் கேளு."

போனான். கால்மணி நேரம் கழித்துச் சுருள் இல்லாமல் வந்தான்.

"மண்ணு காயட்டும், அப்புறம் பாக்கலாங்கறா."

இந்த வருஷ மழைக்கு அது லேசில் காயாது.