வாசலில் எண்ணுகிறவன்

மார்ச் 4, செவ்வாய்

பூங்கா வாசலில் புது ஆள் ஒருவன். மடக்கு நாற்காலி, மடியில் அட்டை, கையில் அமுக்கினால் எண் கூடும் குட்டிக் கருவி. நானும் இவரும் உள்ளே நுழைந்ததும் டிக், டிக். முப்பது வருஷம் பரீட்சை அறையில் துண்டுச்சீட்டு பிடித்த கண் இது. ஏதோ இருக்கிறது.

இவருக்குப் பக்கவாதம் வந்து ஏழு மாதம். சரிவுப் பாதையின் இரும்புக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இன்று நாற்பத்திரண்டு அடி நடந்தார்! வீட்டில் நாலு அடிக்குமேல் நகரமாட்டார்.

மார்ச் 5

கேட்டே விட்டேன்.

"மாநிலப் பூங்காத் துறைங்கம்மா. இது சும்மா ஒத்திகை. திங்கள்லேர்ந்து ஞாயிறு வரைக்கும் முழுசா எண்ணுவோம். அத வச்சுத்தான் அஞ்சு வருஷத் திட்டம், எந்தப் பூங்காவுக்கு என்ன வேணும்னு."

சிரித்துக்கொண்டே சொன்னான். அந்தச் சிரிப்புதான் உதைக்கிறது. எங்களுக்கு வேண்டியது கைப்பிடி, அது இருக்கிறது. பிறகு எதற்கு எண்ண வேண்டும்? கூட்டம் வருகிறது என்று காட்டி நுழைவுச்சீட்டு போடத்தான். வேறென்ன?

மார்ச் 6

பக்கத்து வீட்டுத் தையல்காரியிடம் சொன்னேன். காலை நடைக்காரர்களைக் கட்டி மேய்க்கிற மீசைக்காரரிடமும். "டீச்சர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். ஒரு வாரம் யாரும் போவதில்லை. எண்ணட்டும், காக்காயை.

மார்ச் 10

"ஏன் இன்னிக்குப் போகல?" என்றார் இவர்.

"மழை வர்ற மாதிரி இருக்கு."

வானத்தில் பொட்டு மேகமில்லை. ஜன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மார்ச் 16

தையல்காரி எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். "ஆளு கொட்டாவி விட்டுக்கிட்டு உக்காந்திருக்கான் டீச்சர்!" வயிறு வலிக்கச் சிரித்தோம்.

மார்ச் 17

நாற்காலி போய்விட்டது. இவர் இருபது அடியில் நின்றுவிட்டார். ஒரு வாரம் விட்டதில் கால் மறந்துவிட்டது போல.

ஜூன் 20

வாசலில் அறிவிப்பு. 'பயன்படுத்துவோர் இல்லாததால் பராமரிப்பு நிறுத்தப்படுகிறது. கைப்பிடி உள்ளிட்ட சாதனங்கள் வேறு பூங்காவுக்கு மாற்றப்படும்.'

அயோக்கியப் பயல்கள், பொய்க் கணக்கு — என்று வாய்வரை வந்தது. பொய்க் கணக்கா? கடவுளே. நான்தானே பண்ணினேன். நானேதானே!

ஜூன் 23

துறை அலுவலகம். அதே ஆள் எழுந்து நின்றார்.

"வாங்கம்மா. அந்த வாரம் எங்க போயிட்டீங்க? சாருக்கு ஏதாச்சும் ஆயிடுச்சோன்னு பயந்துட்டேன்."

தன் குறிப்புத் தாளை எடுத்துக் காட்டினார். மார்ச் 4 தேதியில்: 'பக்கவாதம் வந்த ஒருவர் கைப்பிடி முடியும் இடத்திலேயே திரும்பிவிடுகிறார். மரத்தடி பெஞ்சுவரை கைப்பிடியை நீட்டலாம்.'

"ஒத்திகை நாள் கணக்குல சேராதும்மா. அந்த வாரம் ஒரு இருபது பேர் வந்திருந்தாக்கூடப் போராடியிருப்பேன். இனி அஞ்சு வருஷம் கழிச்சுத்தான்."

"ஊர்ல இல்லப்பா" என்றேன். பொய் சொல்லும் பிள்ளையின் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அவரும் பார்த்திருப்பார்.

ஜூலை 1

கைப்பிடியைக் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

கூடத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். இந்தக் கோடிக்கு ஒன்பது அடி, திரும்பினால் ஒன்பது. மூச்சு வாங்கியது. "நீ எண்ணிக்கோ, எனக்கு விட்டுப்போகுது" என்றார்.

எண்ணினேன்.