வெட்டி நீக்கிய எழுத்து

ஜமுனாமரத்தூர்
14-11-1978

சௌபாக்கியவதி மரகதத்துக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கு நான் எழுந்து நடமாடுகிறேன். அங்கு நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சம்பந்தி அம்மாளும் சுகமாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர இன்று வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. இந்த இடத்தில் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு, நான் அனுப்பிய ஒட்டுத்துணிப் போர்வையைக் குழந்தையிடமிருந்து எடுத்துவிடு. அவன் அதில் தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்பி எடு. வெறுங்கையால் தொடாமல் ஒரு பழந்துணியால் பிடித்து ஒரு தகர டின்னில் போட்டு மூடி, மாடும் நாயும் வராத இடத்தில் வெளியே வை. துவைக்காதே, கொளுத்தாதே. குழந்தையைச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, நீயும் சேலை மாற்றிக் கையைக் கழுவிக்கொண்டு வந்து மீதியைப் படி.

போளூரில் தந்தி கொடுக்கச் சொல்லி நேற்றே ஆள் அனுப்பிவிட்டேன், இதற்குள் வந்திருக்க வேண்டும். ஆனால் அப்பா தவறிய தந்தி அங்கே ரூர்கேலாவில் உனக்கு ஐந்தாம் நாள்தான் வந்து சேர்ந்தது என்பதை நான் மறக்கவில்லை. தந்தியில் காரணம் சொல்ல இடமும் இல்லை. காரணம் தெரியாமல் நீ ஒரு வேலையும் செய்ய மாட்டாய், அப்படி வளர்த்தவள் நான்தான், அதனால் முதலில் இருந்து சொல்கிறேன்.

பங்குனியில் போளூர் பழைய இரும்புக் கடைப் பாண்டுரங்கனிடம் ஒரு கை மெஷின் வாங்கினேன் என்று எழுதியிருந்தேன் அல்லவா, அதோடு என்னிடம் ஏழு ஆயிற்று. அவன் அதைச் சாக்கில் சுற்றிக் கொடுக்கும்போது, "இன்னாம்மா, ஆறு மிஷினு போறாதா, தையக் கடை வெக்கப் போறீங்களா, இல்ல மிஷினுங்களுக்குள்ள கல்யாணம் பண்ணி வெக்கப் போறீங்களா" என்று எல்லார் எதிரிலும் கேட்டான். எண்ணெய் விட்டுப் பார்த்துக்கொண்டால் உன் தராசைவிட நேர்மையாக ஓடும் என்று சொல்லிவிட்டு வந்தேன். நிஜமாகவே அப்படித்தான் ஓடியது. அடிநூல் சுற்றும் வட்ட பாபின் இல்லை, அதற்குப் பதில் அடியில் படகு போல நீண்ட ஓடம் ஒன்று முன்னும் பின்னும் போய்வரும், அந்தக் காலத்து வேலை. மூன்று அடுக்குத் துணியை ஒரு சுருக்கம் விழாமல் தைத்தது. காட்டிலாகா பங்களா ஏலத்தில் அப்பா எடுத்துக் கொடுத்த கால் மெஷினில் ரவிக்கை, மற்றவற்றில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை என்று பிரித்து வைத்திருப்பது உனக்குத் தெரியும். இந்தக் கை மெஷினைப் போர்வைக்கென்றே ஒதுக்கினேன், வேறு ஒரு நூல்கூட அதில் ஓடவில்லை.

போர்வையின் மேல்பக்கம் ஒரு குறையும் இல்லாதது. ஒன்பது துண்டு சேர்ந்து ஒரு கட்டம், கட்டத்துக்குக் கட்டம் மூலை நேராகச் சேர வேண்டும், ஒரு நூல் அளவு தள்ளினாலும் பிரித்துத் தைக்க வேண்டும் என்று கான்வென்டில் சிஸ்டர் என் விரலில் அடித்துச் சொல்லிக் கொடுத்தது. துண்டுகள் எல்லாம் உன் பழைய பாவாடைகளும் அப்பா சட்டைகளும்தான். அடித்துணிக்கு மட்டும் மெத்தென்று ஒன்று தேடிக்கொண்டிருந்தேன். ஆடி மாதம் தீர்த்தகிரியின் மனைவி பச்சையம்மா, விதைக் கம்பு வந்த துணிப்பைகளைக் கொண்டுவந்தாள். புதிதாக ஒட்டு ரகம் என்று மலைக்காரர்களுக்குக் கொடுத்த விதை. "தூக்கிப் போட மனசு வர்லம்மா, துணி ரோசாப்பூ மாதிரி கீது பாருங்க, உங்க பேரப்புள்ளைக்கு ஆவும்" என்றாள். உண்மையில் அழகான இளஞ்சிவப்பு, நல்ல கெட்டிப் பருத்தி. ஒன்றைத் தண்ணீரில் போட்டேன், நிறம் கரைந்து ஓடியது. புதுத் துணியைத் துவைக்காமல் வெட்டக் கூடாது என்பது நான் ஐம்பது வருஷமாக மீறாத விதி. அந்த நிறம் போய்விடுமே என்று அன்றைக்கு மீறினேன். மற்றப் பைகளைத் துவைக்காமலே பிரித்து, உதறி, தேய்த்து வெட்டினேன். ஒவ்வொரு பையிலும் கறுப்பு மையில் இங்கிலீஷிலும் இந்தியிலும் ஏதோ அச்சடித்திருந்தது. எழுத்து விழுந்த துணி பார்க்க அசிங்கம் என்று அந்த இடத்தை மட்டும் கத்தரித்து எடுத்துத் துண்டுத்துணி டப்பாவில் போட்டேன். படிக்கவில்லை, மரகதம். கண்ணாடி அடுத்த அறையில் இருந்தது, கம்பெனி பெயராகத்தான் இருக்கும் என்று எழுந்து போகவில்லை.

அந்தத் துணியில் இரண்டு போர்வை ஆயிற்று. ஒன்று உனக்கு வந்தது. இன்னொன்றை நமக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுக்கும் செல்லிக்குக் கொடுத்தேன், அவளுக்கும் உனக்குப் பிறந்த அதே மாதத்தில் பெண் குழந்தை பிறந்தது.

அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். மாதம் ஒரு தடவை எல்லா மெஷினுக்கும் ஊசித் தகட்டைக் கழற்றிப் பஞ்சு எடுத்து எண்ணெய் விடுவேன். மற்ற ஆறிலும் எண்ணெய்க்கு எறும்பு வந்து ஊர்ந்துகொண்டிருக்கும். இந்த ஒன்றில் சிவப்புப் பஞ்சு அடைத்திருந்தது, அதற்குள் எறும்புகள் குவியலாகச் செத்துக் கிடந்தன. நல்ல மெஷின், பூச்சி அண்டவில்லை என்று நான் சந்தோஷப்பட்டேன். புரட்டாசியில் ஒரு நாள் தைக்கும்போது துணியில் ரத்தம் பரவுவதைப் பார்த்தேன், எங்கே இருந்து என்று தேடினால் ஊசி என் ஆள்காட்டி விரலுக்குள் இறங்கியிருக்கிறது, எனக்கு வலிக்கவே இல்லை. இந்த வயதிலும் கை எவ்வளவு உரமாக இருக்கிறது என்று பக்கத்து வீட்டு மாதம்மாளிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் என் விரலை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனாள்.

ஐப்பசியில் தீர்த்தகிரி தள்ளாட ஆரம்பித்தான். வரப்பில் கால் நேராக வைக்க முடியவில்லை, பேச்சு குழறியது, பக்கத்தில் நிற்கிறவரைத் தெரியாமல் இடித்துக்கொண்டு போனான். ஊரில் சிரித்தார்கள். "காலையிலயே ஊத்திக்கினு வந்துட்டியா, எங்களுக்கும் கொஞ்சம் வெச்சிருக்கக் கூடாதா" என்று கடைப் பக்கம் நின்று கேட்டார்கள். பச்சையம்மா தெருவில் நின்று, "ஒரு சொட்டு தொட்டிருந்தா எங்கண்ணு அவிஞ்சி போவட்டும், சோறுகூட எறங்கல அந்தாளுக்கு, சிரிக்கிறீங்களே" என்று கத்தினாள். நானும் குடி என்றுதான் நினைத்தேன், அதை மறைக்க மாட்டேன். பிறகு அவள் கோழிகள் ஒவ்வொன்றாகச் சுருண்டு விழுந்தன. நேற்றுக் காலை விவசாய இலாகாவில் இருந்து தேவராஜ் என்ற பையன் பயிரைப் பார்க்க வந்தவன் தீர்த்தகிரி நடப்பதைப் பார்த்துவிட்டு, மீந்த விதையை என்ன செய்தீர்கள் என்று கேட்டிருக்கிறான். மழை பொய்த்ததால் விதைத்தது பாதி, மீதியை நாலு தண்ணீரில் கழுவி இடித்துக் கூழ் காய்ச்சிக் குடித்தோம் என்று பச்சையம்மா சொன்னாள். அது பூசணம் பிடிக்காமல் இருக்கப் பாதரச மருந்து தடவிய விதை, கழுவினால் நிறம்தான் போகும், மருந்து போகாது, சாப்பிடக் கூடாது என்பதற்காகவே சிவப்பு ஏற்றியது என்று தலையில் அடித்துக்கொண்டான். விதை கொடுத்த அன்றைக்குக் கூட்டத்தில் சொன்னேனே என்றான். கூட்டத்துக்கு வந்தவர்கள் ஆண்கள், கூழ் காய்ச்சுகிறவர்கள் யாரும் அங்கே இல்லை. பைகள் எங்கே என்று கேட்டான். பச்சையம்மா நம் வீட்டைக் காட்டினாள்.

அவன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "அதுல எழுதியிருந்தத யாரும் படிக்கலீங்களாம்மா" என்பது. இந்த மலையில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்த பெண் நான் ஒருத்திதான், எத்தனை பேருக்கு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். டப்பாவைக் கொட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நான் வெட்டி எடுத்த துண்டுகளை அந்தக் கை மெஷினின் பலகை மேல் விளிம்போடு விளிம்பு சேர்த்து வைத்தேன், ஒரு கட்டம் சேர்ப்பதுபோல. நான்கு துண்டுகள் பொருந்தின. நடுவில் மண்டை ஓடு வந்தது. விஷம், உணவுக்கோ தீவனத்துக்கோ ஆகாது, காலிப் பையை வேறு எதற்கும் பயன்படுத்தாமல் ஆழப் புதைக்கவும் என்று பெரிய எழுத்தில், சின்னக் குழந்தைகூட எழுத்துக் கூட்டிப் படிக்கலாம், அத்தனை தெளிவாக இருந்தது.

உடனே செல்லி வீட்டுக்குப் போனேன். போர்வையைக் கொடு என்றேன். அவள் தரவில்லை. "குடுத்த பொருள யார்னா திருப்பிக் கேப்பாங்களா, இதுல போட்டாதாம்மா என் புள்ள தூங்குது, உங்க பேரனுக்கு மட்டும் நல்லது வோணுமா" என்றாள். இதே துணியில்தான் என் பேரனுக்கும் அனுப்பினேன் என்று சொன்னேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். "அப்போ அவனுக்கு இன்னா ஆச்சி" என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். அதன் பிறகு அவளே குழந்தையின் கையை விரித்துக் காட்டினாள். உள்ளங்கையும் உள்ளங்காலும் வெந்நீரில் முக்கியதுபோல் சிவந்து, விரல் நுனியில் தோல் உரிந்திருக்கிறது. ஒரு மாதமாக வியர்த்துக் கொட்டுகிறதாம், பால் குடிப்பதில்லை, ஓயாமல் அழுகிறதாம். சூடு என்று நினைத்து வேப்பிலை அரைத்துத் தடவிக்கொண்டிருந்தாள். இன்று காலை ஜீப்பில் தீர்த்தகிரியையும் செல்லியையும் குழந்தையையும் வேலூருக்கு அனுப்பினோம். அந்தப் போர்வை, மீந்த துணி எல்லாவற்றையும் மலைச்சரிவில் கிணறு எதுவும் இல்லாத பக்கமாகக் குழி வெட்டிப் புதைத்தாயிற்று. கை மெஷினையும் அதே குழியில் இறக்கச் சொன்னேன். தேவராஜ் கழுவி வைத்துக்கொள்ளலாமே என்றான், நான் கேட்கவில்லை.

உன் போன கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். குழந்தைக்கு அந்தப் போர்வை இல்லாமல் தூக்கம் வருவதில்லை என்று எழுதியிருக்கிறாய், அதைப் படித்துவிட்டு நாலு பேரிடம் வாசித்துக் காட்டினேன். அதே கடிதத்தின் கடைசியில் கொஞ்ச நாளாக அதிகமாக வியர்க்கிறது, வீறிட்டு வீறிட்டு அழுகிறான், பல் முளைக்கிறதோ என்னவோ என்று ஒரு வரி இருக்கிறது. மூன்று மாதத்தில் பல் முளைக்காது. சம்பந்தி அம்மாள், ஊரார் கந்தலில் பிள்ளையைப் போடாதே என்று சொன்னதற்கு நான் கொஞ்சம் காரமாகப் பதில் எழுதியிருந்தேன், நீ அதை அவருக்குப் படித்துக் காட்டியிருப்பாய். அவர் சொன்ன காரணம் தவறு, அந்தத் துணிகள் எல்லாம் நம் வீட்டுத் துணிகள். ஆனால் செய்யச் சொன்னது சரி. இந்தக் கடிதத்தை ஒளிக்காமல் அவரிடம் கொடு, அல்லது அவர் காதில் விழும்படி முழுவதும் படி. உன் கௌரவத்துக்காகவோ என் கௌரவத்துக்காகவோ ஒரு வரியும் விடாதே. டாக்டரிடம் பல் என்றோ சூடு என்றோ யாராவது சொல்லி அரை நாள் வீணாகப் போக வேண்டாம். இத்துடன் தனிக் காகிதம் ஒன்று வைத்திருக்கிறேன், பையில் இருந்த மருந்தின் பெயரை இங்கிலீஷில் அப்படியே எழுதியிருக்கிறேன், கண்ணாடி போட்டுக்கொண்டு நான்கு முறை சரிபார்த்தேன். மாப்பிள்ளை ராஜேந்திரனிடம் சொல்லி, டூட்டி இருந்தாலும் லீவு போட்டுவிட்டு, இன்றைக்கே குழந்தையையும் அந்தக் காகிதத்தையும் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போகச் சொல். நீயும் உன் விரல் நுனியை ஒரு குண்டூசியால் தொட்டுப் பார், உணர்ச்சி இருக்கிறதா என்று டாக்டரிடம் சொல். எழுத்து கோணலாக இருக்கிறதே என்று என்னைப் பற்றி யோசிக்காதே. பேனாவைப் பிடித்திருப்பது விரலுக்குத் தெரியவில்லை, கண்ணால் பார்த்துப் பார்த்து எழுதுகிறேன், அவ்வளவுதான். நாளை மறுநாள் ஜீப் திரும்பியதும் நானும் வேலூருக்குப் போகிறேன், தேவராஜ் என் பெயரையும் எழுதிக்கொண்டான்.

உங்கள் எல்லாருக்கும் என் ஆசி என்றைக்கும் உண்டு, ஆனால் இந்தத் தடவை அதை நம்பி உட்கார்ந்திருக்காதே. குழந்தையின் உள்ளங்கையை வெளிச்சத்தில் விரித்து நீயே பார், பிறர் சொல்லைக் கேட்டு எழுதாதே. எப்படி இருந்தாலும் டாக்டரிடம் காட்டு. வெளுப்பாக இருந்தால் வெளுப்பு என்று மட்டும் ஒரு கார்டில் எழுதிப் போடு, அது எனக்குப் போதும். சிவப்பாக இருந்தால் எழுதிக்கொண்டிருக்காதே, தந்தி கொடு. கால் நேராக நிற்காவிட்டாலும் யாரையாவது பிடித்துக்கொண்டு காட்பாடி வந்து ரயிலேறிவிடுவேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
மாணிக்கம்மாள்